மோதிரத்துக்குள்ள போகுது... ஆனா அது பஷ்மினாவா?

காலேஜ் டூரில் டெல்லி போயிருக்கீங்களா? அப்படின்னா இந்த சீன் உங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும்.

செங்கோட்டை பார்த்தாச்சு, குதுப்மினார் பார்த்தாச்சு. பர்ஸில் மிச்சம் 700 ரூபாய். அம்மாவுக்கு ஏதாவது வாங்கணும். பிளாட்பாரக் கடையில் கலர் கலராக ஷால் தொங்குது. நீங்க நின்னு பார்த்த அடுத்த நொடியே கடைக்காரர் தன் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றுகிறார். ஷாலின் ஒரு முனையை அதற்குள் நுழைத்து, சர்ர்ர்ருன்னு இந்தப் பக்கம் இழுக்கிறார். ஆறடி ஷால் அப்படியே வழுக்கிக்கிட்டு வருது. “பியூர் பஷ்மினா மேடம்! வெறும் 600!” பேரம் பேசி 350-க்கு முடிக்கிறீங்க. ரயிலில் திரும்பி வரும்போது ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஒரே பெருமை!

ஸாரி... உங்க சந்தோஷத்தைக் கெடுக்கிறதுக்கு மன்னிச்சுக்குங்க. 350 ரூபாய்க்கு பஷ்மினா கிடைக்காது. மோதிர வித்தை வெறும் வித்தைதான். மெல்லிய விஸ்கோஸ் துணியும் மோதிரத்துக்குள்ள போகும், பட்டுத் துணியும் போகும். அப்ப நிஜ பஷ்மினான்னா என்ன? அதுக்கு ஏன் அவ்வளவு விலை? அந்தக் காசு யார் கைக்குப் போகுது? இதைத் தெரிஞ்சுக்கணும்னா டெல்லியிலிருந்து இன்னும் ரொம்ப தூரம் வடக்கே போகணும். ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டு வாங்க, கிளம்பலாம்.

குளிர் வளர்க்கும் ரோமம்

லடாக்கின் கிழக்குப் பக்கம், திபெத்தை ஒட்டி, சாங்தாங் என்று ஒரு பீடபூமி. 14,000 அடிக்கும் மேலே இருக்கு. மரம் கிடையாது. காற்றில் ஆக்ஸிஜன் கம்மி. குளிர்காலத்தில் மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரி வரை சர்வசாதாரணமாக இறங்கும். அங்கே ‘சாங்பா’ என்ற நாடோடி மக்கள் ஆடு, யாக் எருதுகளோடு மேய்ச்சலைத் தேடி வருஷம் பூரா இடம் மாறிக்கிட்டே இருக்காங்க.

அவங்க வளர்க்கிற ஆட்டுக்கு ‘சாங்ரா’ என்று பேர். பார்த்தால் சாதாரண ஆடுதான், கொஞ்சம் ஜடாமுடி. ஆனா அதன் உடம்பில் ரெண்டு அடுக்கு ரோமம். மேலே இருப்பது முரட்டு முடி. அதுக்கு அடியில், குளிர் ஆரம்பிச்சதும் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு வளரும். மைனஸ் 40-லயும் அந்த ஆடு உயிரோட இருக்கிறதுக்கு இந்த உள் ரோமம்தான் காரணம். லடாக்கி மொழியில் இதற்கு ‘லேனா’ என்று பேர். பாரசீகத்தில் ‘பஷ்ம்’. அதிலிருந்து வந்ததுதான் பஷ்மினா. உலக மார்க்கெட்டில் இதை ‘காஷ்மீர் கம்பளி’ என்று சொல்வதற்குக் காரணம், ஐரோப்பியர்களுக்கு இது காஷ்மீர் நெசவாளிகள் வழியாகத்தான் அறிமுகமாச்சு.

எவ்வளவு மெல்லிசு தெரியுமா? நம்ம தலைமுடியின் தடிமன் சராசரியா 70 மைக்ரான். நல்ல பஷ்மினா இழை 12-லிருந்து 15 மைக்ரான். அதாவது, ஐந்தில் ஒரு பங்குதான்.

வசந்தம் வந்து வெயில் தலைகாட்டியதும் இந்த ரோமம் தானாகவே உதிரத் தொடங்கும். அப்போ ஆட்டைப் படுக்க வைத்து, சீப்பால் வாரி எடுப்பாங்க. கொல்றது கிடையாது. அடுத்த குளிருக்கு அதே ஆடு திரும்ப ரோமம் வளர்த்துக்கும். ஆனா ஒரு ஆட்டிடம் வருஷத்துக்கே சில நூறு கிராம்தான் கிடைக்கும். அழுக்கையும் முரட்டு முடியையும் நீக்கினால் அதிலும் பாதி போய்விடும். ஒரு ஷால் செய்ய ரெண்டு, மூணு ஆட்டோட ஒரு வருஷ ரோமம் வேணும்.

உலகத்தின் காஷ்மீர் கம்பளியில் பெரும் பங்கு சீனாவிலும் மங்கோலியாவிலும் இருந்து வருது. லடாக்கின் பங்கு 1 சதவிகிதத்துக்கும் குறைவு. வருஷத்துக்கு சுமார் 50 டன். அளவு குறைவுதான். தரம் டாப்.

இதில் ஒரு சயின்ஸ் மேட்டரும் இருக்கு. 2012 மார்ச்சில் ஸ்ரீநகரில் உள்ள விவசாயப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உலகத்தின் முதல் குளோனிங் பஷ்மினா ஆட்டை உருவாக்கினாங்க. பேர் ‘நூரி’. 11 வருஷம் வாழ்ந்து 2023-ல் இறந்துபோனது.

அரிசி மாவும் ராட்டையும்

சாங்தாங்கில் வாரிய ரோமம் லே நகரம் வழியாக ஸ்ரீநகருக்கு வரும். இந்த ரூட்டுக்கு வயசு பல நூற்றாண்டு. 1684-ல் லடாக்குக்கும் திபெத்துக்கும் நடந்த டிங்மோஸ்காங் உடன்படிக்கையிலேயே பஷ்ம் வியாபாரம் பற்றிய ஷரத்து இருக்கு. ஒரு சண்டையை முடிக்கும் ஒப்பந்தத்தில் ஆட்டு ரோமம் இடம்பிடிக்குதுன்னா, அதோட மதிப்பை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

ஸ்ரீநகரில் ரோமம் போய்ச் சேரும் இடம் ஃபேக்டரி இல்லை, வீடுகள். பழைய ஸ்ரீநகரின் சந்துகளில், அடுப்படி வேலையை முடித்த பெண்கள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வேலையை ஆரம்பிப்பாங்க. முதலில் கையாலேயே முரட்டு முடியைப் பொறுக்கி எடுக்கணும். அப்புறம் சீப்பில் வாரணும். அடுத்து ஒரு ஆச்சரியம்... அரிசியை ஊற வைத்து, இடித்து, அந்த மாவை ரோமத்தோடு பிசைந்து ஊற விடுவாங்க. ரோமத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை மாவு இழுத்துக்கும். ரோமம் மெத்துன்னு ஆகும், நூற்கும்போது பலமும் கிடைக்கும். அரிசி மாவை இட்லிக்கும் கோலத்துக்கும் மட்டுமே தெரிந்த நமக்கு இது புதுசுதானே!

அப்புறம் ராட்டை. காஷ்மீரியில் ‘யெந்தர்’. வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை விரல்கள் ரோமத்தை இழுத்து இழுத்து நூலாக்கும். அந்த நூலை வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரியும். கொஞ்சம் அழுத்தினால் அறுந்துவிடும். அழுத்தாமல் விட்டால் தடித்துவிடும். பாட்டியிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து பெண் என்று கை வழியாகவே கற்றுக்கொள்ளும் வித்தை இது. காஷ்மீரில் எத்தனையோ விதவைகள் வீட்டை விட்டு வெளியே போகாமல் குடும்பத்தைக் காப்பாற்றியது இந்த ராட்டையால்தான்.

இதுக்குக் கூலி எப்படித் தெரியுமா? குறிப்பிட்ட நீளத்தில் பத்து இழைகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய். இந்த ஒரு ரூபாய்க் கணக்கு வெகுகாலம் மாறாமலே இருந்தது. பாக்கெட் பால் விலை ஏறியது, பஸ் டிக்கெட் விலை ஏறியது, ஷால் விலையும் ஏறியது. முடிச்சின் விலை மட்டும் அசையவே இல்லை.

இதை ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில் இங்கேதான் திரும்பி வரப் போறோம்.

தறியில் ஒரு ப்ரோகிராம்

நூல் அடுத்துப் போவது நெசவாளியிடம். கைத்தறிதான். வைரக் கட்டம் மாதிரி ஒரு நெசவு இருக்கு, அதுக்கு அவங்க வைத்திருக்கும் பேர் ‘சஷ்ம்-ஏ-புல்புல்’. புல்புல் பறவையின் கண்! துணியில் கண் கண்ணாகத் தெரியும் அந்த நுணுக்கமான நெசவு பஷ்மினாவின் ஒரு அடையாளம்.

நெய்து முடித்ததும் ஒருத்தர் சின்ன இடுக்கியை வைத்துக்கொண்டு துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுப்பார். இன்னொருத்தர் அலசுவார். எங்காவது கிழிந்தால், பிசிறினால் ‘ரஃபூகர்’ என்ற தையல் மன்னர் வருவார். கிழிந்த இடத்தில் இழைக்கு இழை கோத்து, கிழிசல் எங்கேன்னு உங்களையே தேட வைத்துவிடுவார். ‘சோஸ்னி’ என்னும் ஊசி பூவேலை செய்பவர்கள் தனி. ஒரே ஷாலில் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருப்பாங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஸ்டூடன்ட்ஸ் கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் அயிட்டம் இருக்கு. அதுதான் ‘கானி’ ஷால். இதில் பூ டிசைன் எல்லாம் தறியிலேயே நெய்யப்படும். ஓடுகிற நாடா கிடையாது. அதுக்குப் பதிலாக ஒவ்வொரு கலர் நூலும் ஒரு சின்ன மரக்குச்சியில் சுற்றியிருக்கும். தறியின் குறுக்கே அப்படிப் பல டஜன் குச்சிகள் தொங்கும். எந்தக் குச்சியை எத்தனை பாவு இழைக்கு அடியில் விடணும்னு நெசவாளிக்கு எப்படித் தெரியும்?

அதுக்கு ஒரு ‘கோட்’ இருக்கு. பேர் ‘தாலீம்’. ஒருத்தர் டிசைனை வரைவார். இன்னொருத்தர் கலர் முடிவு பண்ணுவார். மூன்றாவது ஆள் அதைச் சங்கேதக் குறிகளாக வரி வரியா எழுதுவார். “மஞ்சள் நாலு, சிவப்பு ரெண்டு, மறுபடி மஞ்சள் ஒண்ணு...” என்பது மாதிரி. நெசவாளி படத்தைப் பார்ப்பதே இல்லை. கோடைப் படித்துப் படித்து ஒவ்வொரு வரியாக ‘ரன்’ பண்ணுவார். ஒரு குறி தப்பினால் டிசைனே காலி. டீபக் பண்ணணும்னா நெய்ததைப் பிரிக்கணும்! ஒரு நாளில் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம். நல்ல கானி ஷால் முடிய மாசங்கள் ஆகும். டிசைன் நெருக்கமாக இருந்தால் வருஷங்களும் ஆகும். விலை லட்சத்தைத் தாண்டுவதில் ஆச்சரியம் என்ன?

மாங்காய் போட்ட ஐரோப்பா

காஷ்மீரில் ஷால் நெசவு வளர்ந்ததுக்கு 15-ம் நூற்றாண்டு சுல்தான் ஜெய்னுல் ஆபிதீன் பேரைச் சொல்வாங்க. மத்திய ஆசியாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தவர் அவர். பிறகு அக்பர். ஷால் பைத்தியம் என்றே சொல்லலாம். அவருடைய அரசவைப் பதிவான அயினி அக்பரியில் ஷால்களுக்குத் தனி இடமே உண்டு.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் இது ஐரோப்பாவுக்குப் போனது. நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் ஷால்களாக வாங்கிக் குவித்தார். ராணி போட்டால் ஊரே போடும் இல்லையா? ஆனா எல்லோராலும் ஒரிஜினல் வாங்க முடியுமா? உடனே ‘டூப்ளிகேட்’ ஆரம்பம். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் காஷ்மீர் டிசைனை அப்படியே காப்பியடித்து ஷால் நெய்தாங்க. ஜக்கார்டு தறி வந்ததும் வேலை இன்னும் சுலபமாச்சு. கடைசியில் அந்த டிசைனுக்கே ‘பெய்ஸ்லி’ என்று பேர் வந்துவிட்டது. எந்த டிசைன் தெரியுமா? நம்ம ஊர் பட்டுச்சேலை பார்டரில் ‘மாங்காய்’ என்று சொல்கிறோமே, அதே வளைந்த வால் டிசைன்தான்! உலகமே அதை ஒரு ஸ்காட்லாந்து ஊரின் பேரால் கூப்பிடுது. அதை வருஷக்கணக்கில் நெய்த காஷ்மீரிகளின் பேர் அதில் இல்லை.

இன்னொரு கதை. 1846-ல் பிரிட்டிஷார் காஷ்மீரை 75 லட்ச ரூபாய்க்கு குலாப் சிங்கிடம் விற்றாங்க. அமிர்தசரஸ் உடன்படிக்கை. அதில் மகாராஜா ஒவ்வொரு வருஷமும் பிரிட்டிஷாருக்குக் காணிக்கையாகத் தர வேண்டியது: ஒரு குதிரை, பஷ்மினா ஆடுகள் பன்னிரண்டு, காஷ்மீர் ஷால்கள் மூன்று ஜோடி!

ஷால் அரண்மனைக்குப் போனது. நெய்தவன் கதி? ஒவ்வொரு ஷாலிலும் அரசாங்க முத்திரை குத்தி வரி வாங்கினாங்க. அதுக்கு ‘தாக் ஷால்’ இலாகா என்று ஒரு இலாகாவே இருந்தது. வரி தாங்காமல் தறியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாம்னா, அதுக்கும் தடை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நெசவாளிகள் 1865 ஏப்ரல் 29-ம் தேதி ஸ்ரீநகரின் ஜால்டாகர் மைதானத்தில் திரண்டாங்க. படை வந்தது. ஈட்டியாலும் துப்பாக்கியாலும் தாக்கியது. தப்பித்து ஓடியவர்கள் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தாங்க. குறைந்தது 28 பேர் செத்துப் போனாங்க. சிகாகோவில் மே தினத்துக்கு வித்திட்ட போராட்டம் நடந்தது 1886-ல். அதற்கு 21 வருஷம் முன்னாடியே, ஸ்ரீநகரில் ஷால் நெசவாளிகள் கூலிக்காக உயிரை விட்டிருக்காங்க. எத்தனை பாடப் புத்தகத்தில் இதைப் படித்தோம்?

அதுக்கப்புறம் 1870-ல் பிரான்ஸ்–பிரஷ்யா போர் வந்தது. பாரிஸ் மார்க்கெட் படுத்தது. 1877-லிருந்து காஷ்மீரில் பெரும் பஞ்சம். நெசவாளிகளில் ஏராளமானவர்கள் மடிந்தார்கள். பிழைத்தவர்களின் விரல்களில் மிஞ்சிய வித்தைதான் இன்று நாம் பார்ப்பது.

டூப்ளிகேட்... டபுள் டூப்ளிகேட்

இப்போ நம்ம பிளாட்பாரத்துக்கு வருவோம். 350 ரூபாய் ஷால் பெரும்பாலும் விஸ்கோஸ் அல்லது அக்ரிலிக். இது வெளிப்படையான டூப்ளிகேட். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விலையே காட்டிக்கொடுத்துவிடும்.

கஷ்டமானது இன்னொன்று. அசல் பஷ்மினா ரோமம்தான், ஆனா மெஷினில் நூற்றது. இவ்வளவு மெல்லிய இழை மெஷின் வேகத்துக்குத் தாங்காது, அறுந்துவிடும். அதனால் நைலான் கலந்து நூற்பாங்க. நெய்த பிறகு அமிலத்தில் போட்டு நைலானைக் கரைத்துவிடுவாங்க. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனா அமிலத்தில் பஷ்மினாவும் பலவீனமாகிவிடும். பேரன் காலம் வரை வரவேண்டிய ஷால் சில வருஷத்திலேயே நைந்துபோகும். நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. அந்த மெஷின் ஓடத் தொடங்கிய அன்றே ஜன்னலோரத்தில் இருந்த ராட்டை நின்றுபோனது. முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்று உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்த ஒரு ரூபாயும் போச்சு. ஏற்கெனவே கூலி கட்டாமல் ராட்டையைப் பரணில் ஏற்றியவர்கள் வேறு.

சரி, அந்த மோதிர வித்தை எங்கிருந்து வந்தது? அது உண்மையில் ‘ஷாதூஷ்’ என்ற வேறொரு ஷாலின் புகழ். திபெத்திய மான் வகையான ‘சிரு’வின் ரோமம். பஷ்மினாவை விட மெல்லிசு. ஆனா சிருவை வளர்க்க முடியாது, வாரவும் முடியாது. கொன்றுதான் எடுக்கணும். ஒரு ஷாலுக்கு மூணிலிருந்து அஞ்சு மான்கள் வரை சாகணும். லட்சக்கணக்கில் திரிந்த இனம் 1990-களில் அழிவின் விளிம்புக்கு வந்தது. சர்வதேச வியாபாரத்துக்கு 1979-லேயே தடை. காஷ்மீரில் 2002-ல் தடை வந்தது. கண்காணிப்பு இறுகியதால் சிரு கொஞ்சம் மீண்டிருக்கு. யாராவது ரகசியமாக “ஒரிஜினல் ஷாதூஷ் இருக்கு, வேணுமா?” என்றால், வாங்குவது குற்றம். ஜெயில் நிச்சயம் பாஸ்!

கடையில் என்ன கேட்கணும்?

● மோதிர டெஸ்ட்டை நம்பாதீங்க. அது துணி மெல்லிசா என்று மட்டும்தான் சொல்லும்.

● ஓர இழை ஒன்றை எரித்துப் பார்க்கலாம். தலைமுடி கருகுகிற வாடை அடித்து, சாம்பல் பொடியானால் விலங்கு ரோமம். உருகி உருண்டையானால் சிந்தெடிக். ஆனா இந்த டெஸ்ட் சாதா செம்மறிக் கம்பளியையும் பஷ்மினாவையும் பிரித்துக் காட்டாது.

● ரொம்பப் பளபளப்பு, ரொம்ப ஒரே சீரான நெசவு இருந்தால் சந்தேகப்படுங்க. கையால் நூற்று நெய்ததில் சின்னச் சின்ன மேடுபள்ளம் இருக்கும். அது குறை இல்லை, கையெழுத்து.

● காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. லடாக் பஷ்மினாவுக்கு 2023-ல். ஸ்ரீநகரில் உள்ள பரிசோதனை மையத்தில் சோதித்துத் தேறிய ஷாலில் தனி எண்ணோடு ஒரு லேபிள் இருக்கும். இழை 16 மைக்ரானுக்குள் இருக்கணும், கையால் நூற்றிருக்கணும், கையால் நெய்திருக்கணும். இந்த மூன்றும் இருந்தால்தான் லேபிள்.

● எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரே ஒரு கேள்வி: “இது கையால் நூற்றதா?” பெரும்பாலான கஸ்டமர்கள் “பியூரா?” என்று மட்டும்தான் கேட்கிறாங்க. ரோமம் பியூராக இருக்கலாம். நூற்ற கை இல்லாமல் போயிருக்கலாம்.

“நாங்களே ஸ்டூடன்ட்ஸ், பல ஆயிரம் கொடுத்து எங்கே வாங்குறது?” என்கிறீர்களா? நியாயம்தான். இந்தக் கட்டுரை உங்களை ஷால் வாங்கச் சொல்லி எழுதியது இல்லை. 350 ரூபாய் ஷாலையும் தாராளமா வாங்குங்க. குளிருக்கு அதுவும் ஆகும். ஆனா அதை பஷ்மினா என்று சொல்லி அம்மாவுக்குக் கொடுக்காதீங்க. அந்தப் பேர் பொய்யாக ஒட்டப்படும் ஒவ்வொரு தடவையும், நிஜமாக நூற்றவரின் முடிச்சுக்கு மதிப்பு இன்னும் கொஞ்சம் குறையுது.

மேலே சாங்தாங்கிலும் நிலைமை சுலபமா இல்லை. மேய்ச்சல் நிலம் சுருங்குது. 2020-ல் சீன எல்லைப் பதற்றம் வந்த பிறகு சில மேய்ச்சல் இடங்களுக்குப் போக முடியலைன்னு மேய்ப்பர்கள் சொன்னாங்க. சாங்பா குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பு, வேலை என்று லே நகரத்துக்கு இறங்கிடறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியுமா? மைனஸ் 40-ல் கூடாரத்தில் இருந்து பாருங்கன்னு நம்மை யாராவது சொன்னா நாம போவோமா?

ஆனா இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கையும் இருக்கு. முடிச்சுக்குக் கூடுதல் கூலி கொடுத்து, கையால் நூற்ற நூலை மட்டுமே வாங்கும் முயற்சிகள் ஸ்ரீநகரில் தொடங்கியிருக்கு. உட்கார்ந்து முதுகு ஒடியாமல், காலால் மிதித்து ஓட்டும் ராட்டைகள் வந்திருக்கு. பரணில் ஏறிய சில ராட்டைகள் கீழே இறங்கியிருக்கு. டிசைன் படிக்கிறவங்க, டெக்ஸ்டைல் படிக்கிறவங்க, மார்க்கெட்டிங் படிக்கிறவங்க யாராவது இதைப் படிச்சுக்கிட்டிருந்தா, ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலைய வேண்டாம். நம்ம ஊர்த் தறிகளுக்கும் இதே பிரச்னைதான்.

அடுத்த டூரில் அந்தக் கடைக்காரர் மோதிரத்தைக் கழற்றும்போது சிரிச்சுக்கிட்டே கேளுங்க:

“அண்ணே, மோதிரம் இருக்கட்டும். இந்த நூலை நூற்றது யாரு?”